விசிட்டுக்கு 600 ரூபாய்தானாம்!

“ஒரு விசிட்டுக்கு 600 ரூபாய்தான் சார்.”

வீட்டுக்கு ஆள் அனுப்பி நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் ஏஜென்சிகளுக்கு ஒரு முறையாவது போன் போட்டவர்கள் இந்த வாக்கியத்தைக் கேட்டிருப்பீர்கள். தொகை ஊருக்கு ஊர் மாறும். அந்த ‘தான்’ மட்டும் மாறாது. எனக்கு வழக்கு 600 ரூபாயோடு இல்லை, அந்த ‘தான்’ என்ற சொல்லோடு.

33 வருடம் கூட்டுறவுத் தணிக்கையில் குப்பை கொட்டியவன் நான். பயிர்க்கடன், நகைக்கடன், உர இருப்பு என்று எத்தனையோ சங்கங்களின் பேரேடுகளைப் புரட்டியிருக்கிறேன். எந்தச் செலவு ஒரே வரியில், ஒரே தொகையாக எழுதியிருக்கிறதோ அதைத்தான் முதலில் பிரித்துக் கேட்போம். ஓய்வு பெற்று வருடங்கள் ஆகியும் அந்தப் புத்தி போகவில்லை. 2023-ல் என் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டாள். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த ஆகஸ்ட் 1 முதல், ஆள் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிய நவம்பர் 28 வரை, 120 நாள் செலவையும் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். பார்த்துவிட்டு என் மகன் சிரித்தான். இன்று அந்த நோட்டுதான் எனக்குச் சாட்சி.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வேலைக்கு நாம் கொடுக்கும் காசு அதிகம் என்பது என் புகார் இல்லை. ஒரு மனுஷியின் பகலையும் இரவையும் வாங்குகிறோம், சல்லிசாகக் கிடைக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதே அநியாயம். நாம் கொடுக்கும் காசில் எவ்வளவு அந்த மனுஷியின் கைக்குப் போகிறது என்பதை மறைக்கிறார்களே, அதுதான் என் புகார். அந்த மறைப்பினால் அவளுக்கு நஷ்டம். அதே காரணத்தால் நமக்கும் நஷ்டம், அதுவும் இரட்டிப்பாக. இதைக் கணக்கு போட்டே காட்டுகிறேன்.

போனில் சொன்னது மாதம் 27,000. ராத்திரி பகல் கூடவே இருக்கும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 900 ரூபாய் என்ற கணக்கு. நான்கு மாதத்துக்கு 1,08,000 ஆகும் என்று மனதில் போட்டுக்கொண்டேன். இனி நோட்டைப் பாருங்கள். ஆள் வருவதற்கு முன்பே பதிவுக் கட்டணம் 4,000, திரும்பக் கிடைக்காது. வந்த பெண்ணுக்கு மூன்று வேளைச் சாப்பாடு, டீ, சோப்பு, எண்ணெய் எல்லாம் நம் வீட்டில்தான். நாளைக்கு 150 என்று குறைத்தே போட்டாலும் 18,000. விநாயகர் சதுர்த்தி, ஆயுத பூஜை, தீபாவளி மூன்று நாளும் இரட்டைக் கூலி, அந்த வகையில் கூடுதலாக 2,700. பிசியோதெரபி செய்ய வந்தவருக்கு 45 விசிட், ஒன்றுக்கு 500 வீதம் 22,500. நர்ஸ் வந்தது 26 முறை, 600 வீதம் 15,600. எங்கள் வீடு உறையூர், அவர்கள் ஆபீஸிலிருந்து 5 கிலோமீட்டருக்கு மேல் என்று ஒவ்வொரு விசிட்டுக்கும் 100 ரூபாய் போக்குவரத்து, அது 2,600. பஞ்சு, காஸ், கையுறை, மூத்திர டியூப், பை இவை எதுவும் அந்த 600-ல் சேராது என்பது முதல் விசிட் முடிந்த பிறகுதான் தெரிந்தது, அது 7,400. ஆஸ்பத்திரிக் கட்டில் வாடகை மாதம் 2,500 வீதம் 10,000. காற்று மெத்தை 3,200. டயப்பர், விரிப்பு 14,000.

மொத்தம் 2,08,000 ரூபாய். மாதம் 52,000. போனில் சொன்னது 27,000. அந்த வருடம் என் பென்ஷன் 38,000. தபால் ஆபீஸில் போட்டிருந்த டெபாசிட் ஒன்றை உடைத்துத்தான் சமாளித்தேன். டெபாசிட் உடைக்க இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? நகையை வைப்பார்கள். இல்லையென்றால் ஆளே வைக்காமல், எழுபது வயதுக்காரர் எழுபது வயதுக்காரியைத் தூக்கி இருவருமாக விழுவார்கள். எங்கள் தெருவிலேயே அது நடந்தது.

மருத்துவக் காப்பீடு இருக்கிறதே என்பீர்கள். ஆபரேஷனுக்குக் கிடைத்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் காப்பீடு ஆஸ்பத்திரி வாசலோடு நின்றுகொண்டது. வீட்டுக்கு வந்த பிறகு மருந்துச் சீட்டும் டெஸ்ட் ரசீதும் சில நாட்கள் வரை செல்லும். குளிப்பாட்டிவிட்ட கைக்கும், புரட்டிப் படுக்க வைத்த கைக்கும் அதில் இடம் கிடையாது. எலும்பை ஒட்டவைப்பது வைத்தியம், ஒட்டுகிற வரை ஆளைக் காப்பாற்றுவது வைத்தியம் இல்லை என்று யாரோ எங்கோ உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார்கள்.

சரி, தொகை போகட்டும். அந்த 900 ரூபாயைப் பிரிப்போம்.

முதலில் வந்தவர் லால்குடிப் பக்கத்துப் பெண். வயது 45 இருக்கும். பத்து வருடமாக இதே வேலை. வந்த அன்று ராத்திரியே சொன்னார், “அப்பா, அம்மாவை ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்பிப் போடணும். நான் அலாரம் வச்சுக்கிறேன், நீங்க தூங்குங்க.” ராத்திரி 11, 1, 3, 5 என்று அலாரம் அடிக்கும். ஒரு நாள் கூட அடித்த அலாரத்தை அணைத்துவிட்டுப் படுத்ததில்லை. முதுகில் பவுடர் போடுவதற்கு முன்னால் டார்ச் அடித்துப் பார்ப்பார், எங்காவது சிவந்திருக்கிறதா என்று. இதை யாரும் அவருக்குப் புத்தகத்தில் சொல்லித்தரவில்லை. ஒரு கிழவியைப் பார்த்துக்கொண்டபோது கற்றுக்கொண்டாராம்.

அவருக்கு ஏஜென்சி கொடுத்தது நாளைக்கு 500. மாதம் 15,000. அதிலும் முதல் பத்து நாள் சம்பளத்தைப் பிடித்து வைத்துக்கொள்வார்களாம், பாதியில் ஓடிவிடக் கூடாது என்று. ஆக நான் கொடுத்த 900-ல் 400 ரூபாய், நூற்றுக்கு 44, என் வீட்டு வாசலைக்கூட மிதிக்காத ஒருவருக்குப் போனது. நான்கு மாதத்தில் அந்தக் கணக்கு 48,000.

ஏஜென்சிக்காரர்கள் பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். ஆபீஸ் வாடகை, போன் எடுக்கும் பெண்ணுக்குச் சம்பளம், போலீஸ் வெரிபிகேஷன், ஒருவர் வரவில்லையென்றால் மாற்று ஆள், இதெல்லாம் செலவுதான். முகம் தெரியாத ஆளை வீட்டுக்குள் விடுகிறோம், நடுவில் பொறுப்பு ஏற்க ஒருவர் இருப்பது நல்லதுதான். அதற்கு நூற்றுக்கு 20 எடுக்கட்டும், 25 எடுக்கட்டும். 44-க்கு என்ன கணக்கு? கேட்டால், “அது எங்க இன்டர்னல் மேட்டர் சார்” என்றார் மேனேஜர் தம்பி. கடன் சங்கச் செயலாளர் ஒருவர் 1990-களில் என்னிடம் இதையே வேறு வார்த்தையில் சொன்னார். அவர் பிறகு சஸ்பெண்ட் ஆனார்.

லால்குடி அம்மா 34 நாள் இருந்தார். 35-ஆம் நாள் கண்கலங்கி நின்றார். வேறொரு வீட்டில் ஏஜென்சி இல்லாமல் நேராக நாளைக்கு 600 தருகிறேன் என்றார்களாம். மகளுக்கு நர்சிங் காலேஜ் பீஸ் கட்ட வேண்டும். போகாதே என்று எப்படிச் சொல்வது? நான் ஏஜென்சிக்குப் போன் போட்டு, “அந்த 100 ரூபாயை நான் மேற்கொண்டு தருகிறேன், அவருக்கே சேருங்கள்” என்றேன். “அப்படித் தனித்தனியா ஏத்த முடியாது சார், மத்தவங்களும் கேப்பாங்க” என்று பதில். அவர் கையிலேயே கொடுத்துவிடலாமே என்றால், ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து இருக்கிறது. ஏஜென்சிக்குத் தெரியாமல் பணம் கொடுக்கக் கூடாது, ஒரு வருடத்துக்குள் அவர்கள் அனுப்பிய ஆளை நேரடியாக வேலைக்கு வைத்தால் இரண்டு மாதக் கட்டணம் அபராதம். அதாவது 54,000. ஆளை விற்கவில்லை, சேவை செய்கிறோம் என்கிறார்கள். சேவைக்கு ஏன் இந்த வேலி?

அதற்குப் பிறகு 86 நாளில் நான்கு பேர் மாறினார்கள். ஒரு பெண்ணுக்கு 20 வயதுதான் இருக்கும், பாவம், வயதானவர்களின் உடம்பைத் தொடவே பயந்தாள். இன்னொருவர் ராத்திரி எழுப்பினால் எழமாட்டார். அவரையும் குற்றம் சொல்ல மாட்டேன், முந்தைய வீட்டில் 20 நாள் தொடர்ந்து கண் விழித்துவிட்டு ஒரு நாள் கூட வீட்டுக்குப் போகாமல் நேரே இங்கே வந்தவர். நடுவில் நான்கு நாள் யாருமே வரவில்லை. ஊசி போட வந்த நர்ஸ்தான் கவனித்தார், வால் எலும்புக்கு மேல் தோல் கருத்து உரிந்திருந்தது. படுக்கைப்புண். உள்ளங்கையில் பாதி அகலம்.

புண் ஆற 17 டிரெஸ்ஸிங். ஒன்றுவிட்டு ஒரு நாள் விசிட். 17 விசிட்டுக்கு 10,200, போக்குவரத்து 1,700, ஆக 11,900. பஞ்சும் மருந்தும் தனி. லால்குடி அம்மாவுக்கு நாளைக்கு 100 ரூபாய் கூட்டிக் கொடுத்திருந்தால் 120 நாளுக்கும் சேர்த்து 12,000 ஆகியிருக்கும். இரண்டு தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். அந்த 12,000 ரூபாயைக் கொடுக்க நான் தயார், வாங்க அவர் தயார். நடுவில் இருந்தவருக்கு மனமில்லை. விளைவாக அதே பணத்தை நான் புண்ணுக்குக் கொடுத்தேன். என் மனைவி பட்ட வேதனைக்கு நோட்டில் பத்தி கிடையாது. டிரெஸ்ஸிங் நாள் காலையில் அவள் காபி குடிக்க மாட்டாள் என்பதை மட்டும் சொல்கிறேன்.

இரட்டிப்பு நஷ்டம் என்று நான் சொன்னது இதைத்தான். கூலி குறைவு, அதனால் ஆள் நிற்பதில்லை. ஆள் நிற்காததால் பழக்கம் இல்லை. பழக்கம் இல்லாததால் புண், ஜுரம், மீண்டும் விசிட். புது விசிட்டிலும் அதே ஏஜென்சிக்குப் பங்கு! டிரெஸ்ஸிங் செய்ய வந்த நர்ஸுக்கு 600-ல் 250 தான் கிடைக்கும் என்றார். வண்டி அவருடையது, பெட்ரோல் அவருடையது. அந்த 100 ரூபாய் போக்குவரத்தாவது உங்களுக்கு வருகிறதா என்று கேட்டேன். அப்படி ஒன்று வாங்குகிறார்கள் என்பதே அவருக்குத் தெரியவில்லை. ஒரு நாளைக்கு ஸ்ரீரங்கத்திலிருந்து திருவெறும்பூர் வரை ஆறு வீடு சுற்றுகிறவர். 20 நிமிடத்துக்கு மேல் எந்த வீட்டிலும் நிற்க முடியாது. புண்ணைக் கண்டுபிடித்த கண் அவருடையது என்பதால் அவர்மேல் எனக்கு எப்போதும் மரியாதை உண்டு.

இந்த இடத்தில் ஒரு விஷயம். வெள்ளைக் கோட்டு போட்டு வருகிற எல்லோரையும் ‘சிஸ்டர்’ என்கிறோம். நர்ஸ் என்றால் ஜி.என்.எம். மூன்று வருடம், ஏ.என்.எம். இரண்டு வருடம், பி.எஸ்சி. நான்கு வருடம் படித்து, தமிழ்நாடு நர்ஸ்கள் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சிலில் பதிவு செய்தவர். பதிவு எண் இருக்கும், கேட்டால் சொல்வார்கள். கூட இருந்து பார்த்துக்கொள்பவர் அட்டெண்டர். அந்த வேலையும் பெரிய வேலைதான். ஆனால் அட்டெண்டருக்குக் கோட்டு மாட்டி நர்ஸ் ரேட்டில் பில் போடுவது மோசடி. அந்தக் கோட்டுக்கும் சம்பளத்தில் 600 ரூபாய் பிடித்தார்களாம். அதை லால்குடி அம்மா சொன்னபோது சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கூலியைப் பற்றி அரசாங்கமே ஒரு கணக்கு சொல்லியிருக்கிறது. 2018-ல் தமிழக அரசு வீட்டு வேலை செய்பவர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியம் நிர்ணயித்தது, மணிக்கு 37 ரூபாயிலிருந்து ஆரம்பம். எங்கள் வீட்டுப் பெண் பகலும் ராத்திரியும் சேர்த்து 16 மணி நேரம்தான் உழைத்தார் என்று கஞ்சத்தனமாக வைத்துக்கொண்டாலும் 592 ரூபாய் வருகிறது. ஐந்து வருடம் பழைய, பாத்திரம் துலக்குவதையும் கணக்கில் கொண்ட ஒரு குறைந்தபட்சத் தொகைகூட, படுத்த படுக்கையாக இருந்தவளைப் புண் இல்லாமல் வைத்திருந்த பெண்ணுக்குக் கிடைக்கவில்லை. “சாப்பாடு போடுகிறோமே” என்று ஒரு நண்பர் கேட்டார். போடுகிறோம், அந்தச் சாப்பாட்டுக்கும் காசு நம்முடையது, ஏஜென்சியுடையது அல்ல.

இதை எழுதினால் சிலர் கட்டாயம் சொல்வார்கள், “எங்க காலத்துல இதுக்கெல்லாம் ஆள் வச்சோமா? மருமகள் பார்த்தாள், மகள் பார்த்தாள்” என்று. இந்தப் பேச்சைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. முசிறியில் என் அம்மா 1988-லிருந்து 1991 வரை படுக்கையில் இருந்தார். பார்த்துக்கொண்டது என் அண்ணி. அந்த மூன்று வருடத்தில் அண்ணி தன் தம்பி கல்யாணத்துக்குக்கூட முகூர்த்த நேரத்துக்குப் போய்விட்டு மத்தியானமே பஸ் ஏறி வந்துவிட்டார். தூக்கித் தூக்கி அவர் இடுப்பு போனது போனதுதான், இன்றும் குனிய முடியாது. 1,095 நாள், இன்றைய 900 ரூபாய் ரேட்டில் 9,85,500. அந்தப் பில்லை யாரும் எழுதவில்லை, நானும் அண்ணனும் கட்டவில்லை. எழுதாத பில்லை இலவசம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். இன்று மருமகள்கள் வேலைக்குப் போகிறார்கள், மகன்கள் ஓசூரிலும் ஷார்ஜாவிலும் இருக்கிறார்கள். பில் அச்சடித்து வருகிறது, வித்தியாசம் அவ்வளவுதான்.

நம் ஆட்களிடமும் எனக்குச் சண்டை இருக்கிறது. ஏஜென்சியை மட்டும் திட்டி என்ன பயன்? நோயாளியைப் பார்க்க வந்த பெண்ணிடம் “சும்மாத்தானே இருக்கே, அந்தப் பாத்திரத்தைப் போட்டுடு” என்கிற வீடுகளை எனக்குத் தெரியும். தனி டம்ளர், தனித் தட்டு வைக்கிற வீடுகளையும் தெரியும். அம்மாவின் மலத்தை அள்ளுகிற கை வேண்டும், அந்தக் கை தொட்ட டம்ளர் வேண்டாம்! தாழ்வாரத்தில் கொசுவில் படுக்கச் சொல்லிவிட்டு, ராத்திரி எழவில்லை என்று ஏஜென்சிக்குப் புகார் செய்கிறோம். ஏஜென்சியிடம் 900-ஐ 850 ஆக்கச் சொல்லிப் பேரம் பேசி ஜெயித்ததைப் பெருமையாகச் சொல்கிற ஒருவரை எனக்குத் தெரியும். அந்த 50 யார் பங்கிலிருந்து போயிருக்கும் என்று நினைக்கிறீர்கள்? படிக்கும்போது சிலருக்குச் சங்கடமாக இருக்கும். இருக்கட்டும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தேன். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ல் வந்தது. கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்து பிள்ளைகளிடமிருந்து ஜீவனாம்சம் கேட்கலாம். ஆனால் உச்சவரம்பு மாதம் 10,000 ரூபாய். என் நோட்டின்படி 10,000-ல் ஆறு நாள்கூட ஓடாது. அந்த வரம்பை எடுத்துவிடவும், வீட்டுப் பராமரிப்பு ஆள் அனுப்பும் நிறுவனங்களைப் பதிவு செய்து அவற்றுக்குத் தரம் வகுக்கவும் 2019-ல் லோக்சபாவில் ஒரு திருத்த மசோதா கொண்டுவந்தார்கள். நிலைக்குழுவுக்குப் போனது, அறிக்கை வந்தது, அத்தோடு சரி, சட்டமாகவில்லை. நம் வயதுக்காரர்கள் தெருவில் இறங்கி மறியல் செய்யமாட்டோம் என்று டெல்லிக்குத் தெரியும்.

பென்ஷன் விஷயத்தில் வேடிக்கை வேறு. 80 வயது முடிந்தால் அடிப்படைப் பென்ஷனில் 20 சதவீதம் கூட்டுகிறார்கள். வயதானால் செலவு கூடும் என்று அரசுக்குத் தெரிந்திருக்கிறது, சந்தோஷம். என் மனைவிக்கு விழும்போது 69. குளியலறை டைல்ஸுக்கு அந்த அரசாணை தெரியாது.

அரசாங்கம் எதுவுமே செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது. பிசியோதெரபியும், தீராத நோயாளிகளுக்கு வலி நிவாரணச் சிகிச்சையும் அந்தத் திட்டத்தில் உண்டு. காசு கிடையாது. துறையூர்ப் பக்கம் என் பழைய சகா ஒருவருக்குப் பக்கவாதம். பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வந்து கையைத் தூக்கப் பழக்கினார். கேரளாவில் இன்னும் ஒரு படி மேலே. 1993-ல் கோழிக்கோட்டில் சின்னதாக ஆரம்பித்த வலி நிவாரணச் சங்கம், பிறகு பஞ்சாயத்துகளே நர்ஸை வைத்து வீடு வீடாக அனுப்பும் அளவுக்கு வளர்ந்தது. ஆக, வீட்டுக்கு விசிட் வருவதை வியாபாரமாக மட்டும்தான் நடத்த முடியும் என்று யாரும் சொல்ல வேண்டாம். ஆனால் இவை மாதத்தில் சில முறை வரும் உதவி. ராத்திரி மூன்று மணிக்குப் புரட்டிப்போட அரசாங்கம் வராது. அதற்கு ஆள் வேண்டும், ஆளுக்குக் கூலி வேண்டும், கூலி எவ்வளவு என்று வெளிச்சத்தில் தெரிய வேண்டும்.

நான் கேட்பது பெரிய புரட்சி இல்லை. பில்லில் மூன்று வரி. பணியாளருக்கு இவ்வளவு, நிறுவனத்துக்கு இவ்வளவு, வரி இருந்தால் இவ்வளவு. விசிட் என்றால் எத்தனை நிமிடம், பஞ்சும் கையுறையும் சேர்த்தா சேர்க்காமலா, தூரத்துக்கு எவ்வளவு, பண்டிகைக்கு எவ்வளவு, ராத்திரி எட்டு மணிக்கு மேல் எவ்வளவு, வர வேண்டாம் என்று முந்தின நாள் சொன்னால் பணம் உண்டா இல்லையா, இதெல்லாம் ஆள் வருவதற்கு முன்பே தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்ட ஒரு தாளில் இருக்க வேண்டும். பெட்டிக்கடையில் சோப்பு வாங்கினால் உறையில் விலை இருக்கிறது. 2 லட்சம் ரூபாய் வேலைக்கு வாய்வார்த்தை போதுமா?

எங்கள் பகுதி ஓய்வூதியர் சங்கத்தில் போன மாதம் இதைப் பேசினேன். எதிர்ப்பு வந்தது, எதிர்பார்த்ததுதான். ஒருவர் எழுந்து, “இப்படிக் கேட்டா நம்ம ஏரியாவுக்கு ஆளே அனுப்ப மாட்டாங்க, படுத்தவங்க கதி என்ன?” என்றார். அவர் மனைவிக்கு மறதி நோய், நான்கு வருடமாக ஆள் வைத்திருக்கிறார். அவர் பயம் நியாயமானது, அதைக் கிண்டல் செய்ய மாட்டேன். ஒருவர் கேட்டால் அனுப்ப மாட்டார்கள்தான், அவர்களுக்கு நஷ்டம் ஒரு வீடு. சங்கத்தில் 212 பேர் இருக்கிறோம். எத்தனை வீட்டில் இப்போது ஆள் இருக்கிறது என்று கை தூக்கச் சொன்னேன், 31 கை. அத்தனை வீட்டையும் கைகழுவிவிட்டு உறையூரில் எந்த ஏஜென்சி கடை நடத்தும்? அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் கூட்டம் முடிந்து வெளியே வந்து, தன் வீட்டுப் பெண்ணுக்கு எவ்வளவு போகிறது என்று எப்படிக் கேட்பது, தப்பாக நினைத்துக்கொள்ளமாட்டாளா என்று கேட்டார். நேராகக் கேளுங்கள் என்றேன். மறுநாள் போன் வந்தது. அவர் கொடுப்பது 950, அந்தப் பெண்ணுக்கு 480.

வரும் இரண்டாவது சனிக்கிழமை மாலை 5 மணிக்கு மீண்டும் கூடுகிறோம். ஆள் வைத்திருப்பவர்கள் கடைசி மூன்று மாத பில்லை, பெயரை மறைத்து, ஜெராக்ஸ் எடுத்து வாருங்கள். பில்லே கொடுக்கவில்லையென்றால் பணம் அனுப்பிய போன் ரசீது போதும். வீட்டில் இருக்கும் பெண்ணிடம் அவர் கைக்கு வருவது எவ்வளவு என்று கேட்டு ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாருங்கள். அவர் பெயர் வேண்டாம், வேலைக்கு ஆபத்து. வெளியூர் வாசகர்கள் உங்கள் ஊர் ரேட்டைக் கீழே எழுதுங்கள், எத்தனை மணி நேரத்துக்கு என்பதையும் சேர்த்து. கூட்டல் கழித்தலை நான் பார்த்துக்கொள்கிறேன்.